மாக் வைத்தும் நிஜ மின்னஞ்சல் போவது ஏன்?

கேள்வி: ஆர்டர் உறுதியானதும் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஃபங்ஷனை பைத்தானில் எழுதியிருக்கிறேன். யூனிட் டெஸ்டில் அதை பேட்ச் செய்து, அதாவது டெஸ்ட் ஓடும்வரை அந்தப் பெயரை மாற்றி, நிஜ ஃபங்ஷனுக்குப் பதில் மாக் என்ற போலியை வைத்தேன். கடைசி வரியில் 'அசர்ட்' போட்டு, மாக் சரியான விவரங்களோடு ஒரே ஒரு முறை கூப்பிடப்பட்டதா என்று அதன் கால்ட்_ஒன்ஸ்_வித் மூலம் சரிபார்க்கிறேன். டெஸ்ட் பாஸ் ஆகிறது. ஆனால் நிஜ மின்னஞ்சலும் போய்விடுகிறது! கவரேஜ் (டெஸ்டில் ஓடிய வரிகளின் பங்கு) 90 சதவீதம் இருந்தால்தான் என் நிரலை ஏற்பார்களாம். எங்கே தவறு?

பதில்: முதலில் டெஸ்ட் ஓட்டுவதை நிறுத்துங்கள். டெஸ்ட் அமைப்பில் இருக்கும் மெயில் சர்வர் முகவரியை எடுத்துவிடுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு குழுவில் இதைச் செய்யாமலே காரணம் தேடிக்கொண்டிருந்தோம். அதற்குள் உண்மையான வாடிக்கையாளர்களுக்கு ஒரே கடிதம் பலமுறை போய்ச் சேர்ந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதியதும் நாங்கள்தான்.

உங்களிடம் இருப்பது இரண்டு தவறுகள். முதலாவது, பேட்ச் செய்த இடம். மெயில் என்ற ஃபைலில் 'அனுப்பு' ஃபங்ஷன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் ஃபைலின் தலையில் 'ஃப்ரம் மெயில் இம்போர்ட் அனுப்பு' என்று எழுதியிருப்பீர்கள். அந்த வரி ஓடிய நொடியிலேயே ஆர்டர் ஃபைலுக்குச் சொந்தமாக 'அனுப்பு' என்ற பெயர் உருவாகி, நிஜ ஃபங்ஷனைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு நீங்கள் 'மெயில்.அனுப்பு' என்பதை பேட்ச் செய்தால் மெயில் ஃபைலில் இருக்கும் பெயர் மட்டும்தான் மாறும். ஆர்டர் கையில் இருப்பது பழைய ஃபங்ஷனேதான். எனவே 'ஆர்டர்.அனுப்பு' என்று பேட்ச் செய்யுங்கள். எங்கே எழுதப்பட்டது என்று பார்க்காதீர்கள், எங்கிருந்து கூப்பிடப்படுகிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால், பின்னால் சொல்லும் ஆட்டோஸ்பெக்கைச் சேர்ப்பதற்கு முன், டெஸ்டுக்குள் 'ஆர்டர்.அனுப்பு' என்பதை பிரிண்ட் செய்யுங்கள். மேஜிக்மாக் (மாக்கின் வகைப்பெயர்) என்று வர வேண்டும். ஃபங்ஷன் என்று வந்தால் பேட்ச் ஒட்டவில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பலரும் சறுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆர்டர் ஃபைலில் வெறும் 'இம்போர்ட் மெயில்' என்று எழுதி, கூப்பிடும் இடத்தில் 'மெயில்.அனுப்பு' என்று முழுப்பெயர் சொல்லியிருந்தால், ஒவ்வொரு முறையும் மெயில் ஃபைலுக்குப் போய்த்தான் அந்தப் பெயரைத் தேடும். அப்போது 'மெயில்.அனுப்பு' என்ற பேட்ச் சரியாக வேலை செய்யும். இம்போர்ட் வரியை ஃபங்ஷனுக்கு உள்ளே எழுதியிருந்தாலும் அப்படித்தான், அது கூப்பிடும் நேரத்தில்தான் ஓடுகிறது. ஆகவே வேறொருவர் டெஸ்டில் வேலை செய்த பேட்ச் வரியை அப்படியே நகல் எடுத்தால், அவருடைய இம்போர்ட் வரி வேறாக இருந்த பாவத்துக்கு நீங்கள் தண்டனை அனுபவிப்பீர்கள். நாளை யாராவது இம்போர்ட் வரியை அழகுபடுத்த மாற்றினாலும் இந்த டெஸ்டுக்கு ஆபத்துதான்.

சரி, மாக்கை யாரும் கூப்பிடவே இல்லையே, டெஸ்ட் எப்படி பாஸ் ஆனது? இரண்டாவது தவறு அதுதான், இதுதான் மோசமானது. சரிபார்க்கும் மெத்தடின் பெயர் அசர்ட்_கால்ட்_ஒன்ஸ்_வித். நீங்கள் 'அசர்ட்_' என்ற முன்னொட்டை விட்டுவிட்டீர்கள். மாக்கிடம் இல்லாத பெயரைக் கேட்டால் மறுக்காது, இன்னொரு மாக்கை உருவாக்கிக் கொடுத்துவிடும். அது 'உண்மை' என்றே கணக்காகும், உங்கள் அசர்ட்டும் பாஸ். பைத்தான் 3.12 முதல் இந்தப் பெயருக்கு ஆட்ரிபியூட்எரர் என்ற பிழை வருகிறது; உங்களுக்கு வரவில்லை என்றால் பழைய பதிப்பில் இருக்கிறீர்கள். சரியான பெயரைப் போடுங்கள். கூடவே பேட்ச் செய்யும்போது ஆட்டோஸ்பெக்=ட்ரூ கொடுத்துவிடுங்கள். நிஜ ஃபங்ஷன் ஏற்காத ஆர்க்யுமென்ட்டை அனுப்பினால் மாக்கும் ஏற்காது, டைப்எரர் காட்டும்.

அடுத்து அந்த 90 சதவீதம். கவரேஜ் என்பது எந்த வரி ஓடியது என்ற கணக்கு மட்டும்தான். சரியாக ஓடியதா என்று அதற்குத் தெரியாது. உங்கள் டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை, ஊரார் பெட்டிக்கு மின்னஞ்சல் வேறு அனுப்பியது. ஆனாலும் கவரேஜில் முழு மதிப்பெண் பெற்றிருக்கும். இப்படி ஓர் எண்ணை வாசலில் காவலுக்கு வைத்தால் அதை ஏமாற்றும் டெஸ்டுகள்தான் பெருகும். டெஸ்டைத் தானே எழுதித் தரும் கருவிகளிடமும் எச்சரிக்கையாக இருங்கள். பார்த்த எல்லாவற்றுக்கும் மாக் வைத்து, மாக்கிடம் சொல்லிவைத்த பதில் திரும்பி வந்ததா என்று மாக்கையே சோதிக்கும் டெஸ்டுகள் அவற்றிலிருந்து நிறைய வருகின்றன. எண் ஏறும், பிழை அப்படியே இருக்கும். உங்கள் மேலாளரிடம் இந்த டெஸ்டையே காட்டிப் பேசுங்கள்.

இரண்டையும் திருத்தியபின், மெயில் சர்வர் முகவரியைத் திரும்பச் சேர்க்காமல், ஆர்டர் ஃபைலில் மின்னஞ்சல் அனுப்பும் வரியை கமென்ட் ஆக்கி (ஓடாத குறிப்பாக மாற்றி) டெஸ்டை ஓட்டுங்கள். டெஸ்ட் ஃபெயில் ஆனால் கமென்ட்டை நீக்கிவிடலாம். அப்போதும் பாஸ் ஆனால் அசர்ட் வரியை மறுபடி பாருங்கள்.