ஊஞ்சல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: 11 வயது மகனுக்கும் 8 வயது மகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறேன். நான் வணிகவியல் படித்தவள். மொழியும் கணக்கும் தடையின்றிப் போகின்றன, அறிவியலில்தான் தயக்கம். செய்முறைக்காக அறிவியல் கிட்டுகளை வாங்கித் தருகிறேன். மகன் ஒரே நாளில் செய்து முடித்து அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்தது எப்போது என்கிறான். மகளோ, "ஊஞ்சலில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மெதுவாக ஆடுமா?" என்பதுபோல ஏதாவது கேட்கிறாள்; எனக்குப் பதில் தெரிவதில்லை. ஆய்வுக்கூடம் இல்லாத வீட்டில் அறிவியலும் பொறியியலும் கைக்குப் பழக என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கிட்டுகளைப் பற்றிய வரிகளைவிட, உங்கள் மகளின் ஊஞ்சல் கேள்வியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் தேடும் ஆய்வுக்கூடம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கிட்டுகள் வீண் என்று சொல்லமாட்டேன். திருகாணி முடுக்கவும் கம்பி இணைக்கவும் அவை கையைப் பழக்குகின்றன. ஆனால் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும், முடிவில் என்ன நடக்கும் என்ற மூன்றையும் பெட்டிக்குள் இருக்கும் தாளே சொல்லிவிடுவதால், பிள்ளைக்குத் தானாக முடிவெடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. உங்கள் மகன் ஒரே நாளில் முடித்துவிடுவது அவனுடைய குறையன்று.

அடுத்த மூன்று வாரங்களுக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். நீட்டிக்கொள்ளாத நூல், இரும்பு நட்டுகள் சில, அளவுநாடா, கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு ஆகியவை போதும். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் அது ஊஞ்சலின் சிறு வடிவம்; இதைத்தான் ஊசல் என்கிறோம். இரண்டு நட்டுகளைக் கட்டினால் மெதுவாக ஆடுமா என்று முதலில் இருவரையும் தனித்தனியே ஊகித்து எழுதச் சொல்லுங்கள். ஊகத்தை எழுதிய பிறகே நூலைத் தொட வேண்டும் என்பதை வீட்டு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். எழுதிவைத்த ஊகம் பொய்க்கும்போது பிள்ளையின் முகத்தில் தோன்றும் வியப்பை எந்தக் கிட்டும் தருவதில்லை.

ஒரு முறை ஆடிவரும் நேரத்தை அளந்தால் பொத்தானை அழுத்தும் விரலின் தாமதமே முடிவைக் கெடுத்துவிடும். ஒரு பக்கம் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவது ஓர் அலைவு; 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து 20ஆல் வகுத்தால் அந்தப் பிழையும் 20இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். ஒரே ஓர் அலைவை ஐந்து முறை அளக்கவிடுங்கள். ஐந்து விடைகளும் ஐந்து விதமாக வந்து, ஏன் இப்படி என்று மகன் சலித்துக்கொண்ட பிறகு சொன்னால் போதும். இரண்டாவது நட்டை முதல் நட்டுக்குக் கீழே கட்டாமல் பக்கத்தில் கட்ட வேண்டும். கீழே கட்டினால் எடையின் மையம் இறங்கி, ஊசலின் நீளமும் கூடிவிடும். அப்போது நேரம் மாறியது எடையாலா, நீளத்தாலா என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற சோதனை ஒழுங்கு, இப்படி ஒரு முறை தவறாகச் செய்து திருத்திக்கொண்ட பிள்ளைக்கு மறக்காது.

எடை கூடினாலும் நேரம் மாறாது என்று கண்டுகொண்ட பின் நீளத்துக்கு வாருங்கள். நூலைக் கட்டிய இடத்திலிருந்து நட்டின் மையம் வரை 25 செ.மீ. இருந்தால், 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 20 விநாடிகள் ஆகும். நீளத்தை 50 செ.மீ. ஆக்கினால் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். இரண்டு மடங்கு நீளம், ஆகவே 40 விநாடி என்பார்கள். அளந்தால் 28 விநாடியைச் சற்றே தாண்டும். எண்ணியதில் பிழை என்று நினைத்து மீண்டும் அளப்பார்கள். மீண்டும் அதே 28 வரும். 40 விநாடி வேண்டுமென்றால் நூல் ஒரு மீட்டர் இருக்க வேண்டும், அதாவது நான்கு மடங்கு. நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப நேரம் கூடுகிறது என்ற விதியை உங்கள் மகன் தன் எண்களிலிருந்தே வரைபடமாக வரைந்து காண முடியும். நட்டை மிகவும் அகலமாக இழுத்துவிட்டால் நேரம் சிறிது கூடிவிடும் என்பதால், சிறிய வீச்சிலேயே ஆடவிடுங்கள்.

இவ்வளவிலும் உங்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "எனக்கும் தெரியவில்லை, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று நீங்கள் மனதாரச் சொல்வது, நன்றாகப் படித்த ஆசிரியர் உடனே விடை சொல்லிவிடுவதைவிட அவர்களுக்கு நல்லது. கணக்கேட்டில் அடித்தல் திருத்தலை மறைக்கக் கூடாது என்பதை வணிகவியல் படித்த நீங்கள் நன்கு அறிவீர்கள். சோதனை நோட்டுக்கும் அதுவே விதி: பேனாவில் எழுத வேண்டும், தவறான அளவை அழிக்காமல் ஒரு கோடிட்டு, பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும்.

பொறியியலுக்கு வேறு மனநிலை வேண்டும். அறிவியலில் ஏன் என்று கேட்கிறோம். பொறியியலில் இந்தப் பொருளை, இந்த அளவுக்குள், இந்த வேலையைச் செய்ய வைக்க முடியுமா என்று கேட்கிறோம். ஆகவே கட்டுப்பாடு இல்லாத பொறியியல் பயிற்சி வெறும் ஒட்டுவேலை ஆகிவிடும். ஒரே ஒரு ஏ4 தாள், 20 செ.மீ. இடைவெளி, அதன்மேல் எத்தனை நாணயங்கள் நிற்கும் என்று கேளுங்கள். தட்டையான தாள் உடனே தொய்ந்துவிடும்; விசிறிபோல மடித்தால் தாங்கும். இதை மகளே முன்னின்று செய்யட்டும். மடிப்பு ஏன் வலுவூட்டுகிறது என்பதைக் காட்ட ஓர் அளவுகோல் போதும். 30 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள அளவுகோலைப் படுக்கையாக வைத்து வளைப்பதைவிட, விளிம்பில் நிமிர்த்தி வளைப்பது 100 மடங்கு கடினம். பொருள் அதேதான், உயரம்தான் மாறியது. பாலம் விழுந்ததும் அடுத்ததைக் கட்ட ஓடவிடாமல், எந்த இடத்தில் முதலில் மடிந்தது, மடிப்புகள் பக்கவாட்டில் விரிந்தனவா என்று பார்த்து வரையச் சொல்லுங்கள். விழுந்த பாலத்தின் படம் நோட்டில் இல்லையென்றால் இரண்டாவது பாலமும் ஊகத்தில்தான் கட்டப்படும்.

ரைட் சகோதரர்கள் செய்ததும் இதைத்தான். 1901இல் அவர்களுடைய கிளைடர் (இயந்திரம் இல்லாத விமானம்), கணக்குப்படி கிடைக்க வேண்டிய தூக்குவிசையைவிட மிகக் குறைவாகவே பெற்றது. அவர்கள் உடனே அடுத்த கிளைடரைக் கட்டவில்லை. தங்கள் சைக்கிள் கடையில் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளமுள்ள மரப்பெட்டியைக் காற்றுச் சுரங்கமாக, அதாவது உள்ளே காற்றை வீசவிட்டு வடிவங்களைச் சோதிக்கும் கூடாக அமைத்து, சைக்கிள் சக்கரக் கம்பிகளாலும் ஹாக்சா பிளேடுகளாலும் அளவிடும் தராசு செய்து, சுமார் 200 சிறிய இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். 1903 டிசம்பரில் பறந்த விமானம் அந்தப் பெட்டியிலிருந்து கிடைத்த எண்களைக் கொண்டு உருவானது. அலமாரியில் இருக்கும் கிட்டுகளையும் இதே முறையில் திரும்பப் பயன்படுத்தலாம். காற்றாடி கிட் இருந்தால் அதன் இறக்கைகளை அட்டையில் வெட்டி மாற்றச் சொல்லுங்கள். மூன்று இறக்கைகளா நான்கா, எவ்வளவு சாய்வு என்று அளந்து பார்க்கட்டும்.

பாதுகாப்பில் மட்டும் ஊகத்துக்கு இடமில்லை. சுவர் பிளக்கின் மின்சாரத்தைச் சோதனைகளில் தொடவே கூடாது. பழைய மின்கருவிகளைப் பிரிக்க ஆசைப்பட்டால், உள்ளே மின்னூட்டத்தைச் சேமிக்கும் மின்தேக்கிகள் (கெபாசிட்டர்கள்) பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கும் என்பதால் மைக்ரோவேவ் அடுப்பு, கேமரா ஃபிளாஷ் போன்றவற்றை அறவே தவிர்த்துவிடுங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாகிவிடக்கூடும். சிறிய வலுவான காந்தங்கள் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடலை இடையில் நசுக்கும். பிளீச்சிங் பவுடரை அமிலத்தோடு கலந்தால் நச்சுவாயு வரும். எதையாவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அமிலங்களை அளந்து செய்யும் சோதனைகளும் பர்னர் சுடரில் சூடாக்கும் வேலையும் வீட்டில் முறையாக அமையா. பிள்ளைகள் பின்னாளில் எழுதவிருக்கும் தேர்வில் செய்முறைப் பகுதி உண்டா, வெளியிலிருந்து எழுதுவோர் அதை எங்கே செய்ய வேண்டும் என்பதை இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்வேன். உங்களைப் போல வீட்டிலேயே கற்பிக்கும் ஒன்றிரண்டு குடும்பங்களோடு நோட்டுகளை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் மகன் எழுதியதை மட்டும் படித்து, அவனிடம் எதுவும் கேட்காமல், வேறொரு பிள்ளை அதே சோதனையைச் செய்ய வேண்டும். அந்தப் பிள்ளைக்கு 28 விநாடி வரவில்லையென்றால், நீளத்தை எங்கிருந்து எங்கே அளந்தான் என்பதை மகன் எழுதாமல் விட்டிருப்பான். அது சரியானதும் இருவரையும் உண்மையான ஊஞ்சலுக்கு அழைத்துப் போங்கள். இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து ஆடும் நேரத்தை மகள் அளக்கட்டும். பிறகு ஒருவர் உட்கார்ந்து ஆடும்போதும் நின்று ஆடும்போதும் நேரம் ஒன்றாக இருக்குமா என்று கேட்டு, ஊகத்தை எழுதுவதற்கு முன் நட்டின் மையத்தைப் பற்றிய பக்கத்தை ஒரு முறை புரட்டச் சொல்லுங்கள்.