அப்பாவன் பள்ளியும் சீனக்குடா வானமும்: கேள்வி பதில்

சீனக்குடாவில் பயிற்சி விமானம் வட்டமடிப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர் எங்களுடையது. அதனால்தானோ என்னவோ, பிரிட்டனின் ‘சென்ட்ரல் பிளையிங் ஸ்கூல்’ என்கிற படைத்துறை விமானப் பயிற்சிப் பள்ளி பற்றி நான் பேசிய பிறகு கேள்விகள் நிறையவே வந்தன. சிலவற்றுக்கான பதில்கள் கீழே.

சேர், உலகத்தின் முதல் விமானப் பள்ளி இதுதானா? (உயர்தர மாணவர், உவர்மலை)

இல்லைத் தம்பி. ரைட் சகோதரர்களும் பிரெஞ்சு விமானி பிளேரியோவும் 1909 அளவிலேயே பிரான்சின் போ நகரில் பறக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இங்கிலாந்தின் அப்பாவனில் இந்தப் பள்ளி தொடங்கியது 1912 மே மாதம். முந்தியவை மறைந்துபோக இது நிலைத்தது. அதனால்தான் இன்றும் இயங்குகிற மிகப் பழைய விமானப் பள்ளி என்று இதைச் சொல்கிறார்கள்.

ஆரம்ப காலத்தில் எப்படிப் படிப்பித்தார்கள்? (ஆசிரியை, கிண்ணியா)

நினைத்தாலே நெஞ்சு பதறும், ரீச்சர். முதல் தலைவரான கடற்படை அதிகாரி கொட்ஃப்ரி பெயினுக்கு நியமனம் கிடைத்தபோது பறக்கவே தெரியாது. அதன் பிறகுதான் கற்றார். பிற்காலத்தில் றோயல் எயர் போர்ஸை (பிரிட்டிஷ் விமானப்படை) வளர்த்தெடுத்த ட்ரென்சார்ட் 39 வயதில் அங்கே மாணவராகச் சேர்ந்தார். சேருவதற்கு முன் தனியார் பள்ளியொன்றில் அவர் பெற்ற உரிமத்துக்கு வானில் இருந்த நேரம் மொத்தம் 1 மணி 4 நிமிடம்! அந்தக் காலத்துச் சில விமானங்களில் மாணவன் ஆசிரியருக்குப் பின்னால் குந்தியிருந்து, அவர் தோளுக்கு மேலால் கையை நீட்டித்தான் கட்டுப்பாட்டுத் தடியைத் தொட முடியும்.

பிறகு என்ன மாறியது? யார் மாற்றினார்கள்? (பல்கலைக்கழக மாணவி, நிலாவெளி)

நான் அதிகம் பேச விரும்புகிற இடம் இது, பிள்ளை. அப்பாவனின் முதல் வகுப்பில் படித்தவர்களில் ஒருவர் றொபர்ட் ஸ்மித்-பாரி. 1914இல் விமானம் விழுந்து கால்கள் முறிந்தும் மீண்டும் பறந்தவர். 1916இல், முதலாம் உலகப் போர்முனையில் விமானப் படையணியொன்றை நடத்தியபோது, அரைகுறைப் பயிற்சியோடு வருகிற இளைஞர்கள் வந்த வேகத்தில் சாவதைக் கண்டார். ட்ரென்சார்டுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். “நீயே போய்ச் செய்து காட்டு” என்கிற மாதிரி, இங்கிலாந்தின் கொஸ்போர்ட்டில் ஒரு பயிற்சி அணியை அவர் கையில் கொடுத்தார்கள்.

அப்போது பயிற்சியளித்தவர்களில் பலர் போரில் களைத்து ஓய்வுக்காக அனுப்பப்பட்டவர்கள். மாணவனிடம் தடியைக் கொடுக்கவே பயந்தார்கள். ஆபத்தான நிலைகளைத் தவிர்க்கச் சொன்னார்களே ஒழிய, அவற்றிலிருந்து மீளக் காட்டவில்லை. ஸ்மித்-பாரி இதைத் தலைகீழாக்கினார். அவ்ரோ 504 விமானத்தில் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் தனித்தனியாக இரட்டைக் கட்டுப்பாடு வைத்தார். முதல் நாளிலிருந்தே மாணவனை விமானியின் இருக்கையில் இருத்தினார். எஞ்சின் இரைச்சலை மீறிப் பேச ஒரு குழாய் பொருத்தினார். பிறகு, வேண்டுமென்றே விமானத்தைச் சுழலவிட்டு மீளப் பழக்கினார். சுழன்று விழும்போது பதறித் தடியை இழுப்பதுதான் மனித இயல்பு. செய்யவேண்டியதோ சுழலுக்கு எதிர்ப்பக்கமாகச் சுக்கானைத் திருப்பி, தடியை முன்னே தள்ளுவது. (தோணிச் சுக்கான் மாதிரித்தான், வாலில் இருக்கும்.) இயல்புக்கு மாறான இந்த அசைவை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது. பக்குவமான ஒருவர் கூட இருக்க, கை பழகவேண்டும்.

1920இல் அப்பாவன் பள்ளி விமான ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியாக மாறியபோது இந்த முறை அங்கே வேரூன்றியது. பள்ளி ஒரு நூற்றாண்டு தாண்டி நிற்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பள்ளி இன்னும் அப்பாவனில்தான் இருக்கிறதா? (வாசகர், மூதூர்)

இல்லை. பல இடம் மாறி, 1946இலிருந்து முப்பது வருடம் லிட்டில் றிஸிங்டனில் இருந்தது. இப்போது தலைமையகம் கிரான்வெல்.

எங்கள் சீனக்குடாவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? (ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், திருகோணமலை)

நேரடியாக அது நடத்திய கிளை எதுவும் இங்கே இல்லை, அண்ணை. ஆனால் 1942 ஏப்ரலில் அந்தப் பள்ளி ஹலவிங்டனில் ‘எம்பயர்’ (பேரரசு) பள்ளியாக விரிந்தது. அதே மாதம் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க, சீனக்குடாவிலிருந்து பிரிட்டிஷ் 261ஆம் அணியின் ஹரிக்கேன் போர் விமானங்கள் எதிர்த்து எழுந்தன. 1951இல் இலங்கை விமானப்படை பிறந்தபோது பிரிட்டிஷ் அதிகாரிகள்தான் அதைக் கட்டியெழுப்பினார்கள். முதல் பயிற்சி விமானம் சிப்மங்க், பிரிட்டனிலும் அதில்தான் பழகினார்கள். இன்று விமானப்படைக் கல்லூரி இருப்பது சீனக்குடாவில். பயிற்சிக்குச் சீனத் தயாரிப்பான பிடி-6 பறக்கிறது. விமானம் மாறினாலும், ஆசிரியரும் மாணவனும் இரட்டைக் கட்டுப்பாட்டோடு பறப்பது கொஸ்போர்ட் வழிதான்.

மகன் தனியார் பள்ளியில் விமானம் ஓட்டப் படிக்க வேணும் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. (ஒரு தாய், தம்பலகாமம்)

பயம் நியாயமானது, அம்மா. பணம் கட்டுவதற்கு முன் பள்ளிக்கு நீங்களே போங்கள். விமானம் எவ்வளவு புதியது என்பதைப் பிறகு பார்க்கலாம். மகனுக்குப் படிப்பிக்கப்போகிறவர் யார், ஆசிரியத் தகுதியை எங்கே பெற்றார், அவரை யார், எப்போது கடைசியாகச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். சென்ட்ரல் பிளையிங் ஸ்கூலின் சோதகர்கள் இன்றும் அனுபவமுள்ள ஆசிரியர்களோடு பறந்து பார்த்து மதிப்பிடுகிறார்கள். விமானம் தூக்குவிசை இழப்பதையும் அதிலிருந்து மீள்வதையும் மகனுக்கு எத்தனையாவது பாடத்தில் காட்டுவார்கள் என்றும் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள்.