பரணில் வராத பயம்

அன்புள்ள ஐயா,

தேன்கனிக்கோட்டைக்கு அருகில் எங்கள் ராகிக் கொல்லையில், சென்ற மார்கழியில் ஓர் இரவு பரணில் காவலிருந்தேன். கதிர் ஒடியும் சத்தம் கேட்டுத் திரும்பினால், இருபது முழத்தில் யானை. கை தானாக டார்ச்சை அணைத்தது, மூச்சு நின்றது போலிருந்தது, பயந்ததாக நினைவில்லை. விடிந்தபின் திண்ணையில் சொம்புத் தண்ணீரை வாங்கியபோதுதான் பயம் வந்தது. உணர்ச்சி வேறு, உணர்வு வேறு என்கிறார்களே, எனக்கு நேர்ந்தது எது? இவ்வளவு தாமதமாகப் பயப்படுவது கோழைத்தனமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே நேர்ந்தன, வெவ்வேறு வேளையில். ஆபத்தைக் கண்டதும் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்ற இயக்குநீரைச் சுரக்க, இதயம் வேகமெடுத்து உள்ளங்கை வியர்ப்பதுவரை உடலில் நடப்பதெல்லாம் உணர்ச்சி. அதை மனம் அறிந்து ‘நான் பயந்திருக்கிறேன்’ என்று கண்டுகொள்வது உணர்வு. நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ வலியுறுத்தும் பிரிவு இது. முன்னதைப் பக்கத்துப் பரணில் இருப்பவரும் பார்க்கலாம். பின்னதை நீங்கள் ஒருவரே அறிவீர்கள்.

நடுங்குவதை உணர்வதுதான் பயம் என்று 1884இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எழுதினார். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. சினத்திலும் அச்சத்திலும் உடலுக்குள் நிகழும் மாற்றங்கள் பெரிதும் ஒன்றே என்று 1927இல் உடலியல் அறிஞர் வால்டர் கேனன் மறுத்தார். எதிரில் நிற்பது யானை என்ற அறிவும் சேர்ந்தால்தான் அந்தப் படபடப்பு பயமாகிறது.

நம் பேச்சில் இச்சொற்கள் இப்படிப் பிரிந்து நிற்பதில்லை. மரத்துப்போன காலில் உணர்ச்சியில்லை என்கிறோம்; மயங்கியவர் உணர்விழந்தார் என்கிறோம். இவற்றைவிடத் தொல்காப்பியத்தின் ‘மெய்ப்பாடு’ எனக்கு நெருக்கமானது. உள்ளத்தில் எழுவது மெய்யில் புலப்படுவது என்பதே அதன் பொருள். அங்கே அச்சத்தின் காரணங்கள் நான்கு: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தமக்கு மேலான அரசர் போன்றோர்). உங்கள் யானை இரண்டாவதில் நிற்கிறது. அதே எட்டு மெய்ப்பாடுகளின் வரிசையில், அச்சத்துக்கு அடுத்த சொல் பெருமிதம். அது பிறக்கும் இடங்களில் ஒன்று தறுகண், அதாவது அஞ்சாமை. இரண்டையும் ஒரே வரியில் வைத்தவர் அச்சத்தை இழிவாக எண்ணியிருப்பார் என்று நான் நம்பவில்லை. நீங்களும் எண்ண வேண்டாம்.

தாமதத்துக்குக் காரணமும் எளிதுதான். பரணில் உங்கள் கவனம் முழுவதும் யானையின்மேல் இருந்தது. உங்களை நீங்கள் கவனிக்கத் திண்ணைதான் இடம் தந்தது. நினைவில் யானை மீண்டும் வர, உடலும் மீண்டும் பதறியிருக்கும். சொம்பில் தண்ணீர் தளும்பியதா என்று நீங்கள் எழுதவில்லை; அடுத்த கடிதத்தில் அவசியம் எழுதுங்கள்.