சுங்கம்: கேளுங்கள், சொல்கிறேன்

(சுங்கத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றுக் கிருஷ்ணகிரியில் வசிக்கும் நம் பத்தியாளர், பணியின் கடைசி ஒன்பது ஆண்டுகள் புதிய அதிகாரிகளுக்கு வகுப்பெடுத்தவர். வாசகர் கேள்விகளுக்கு அவரே பதில் தருகிறார்.)

பெரும்பாலான சரக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவைக்கத்தான் இப்போது அதிகாரிகளுக்குப் பயிற்சி தருகிறார்களாமே? அப்படியானால் கடத்தலைப் பிடிப்பது யார்?
- காவேரிப்பட்டணம் வாசகர்

எல்லாப் பெட்டியையும் திறப்பவரால் கடத்தலைப் பிடிக்க முடியாது ஐயா. நூறு கன்டெய்னரையும் மேலோட்டமாகப் பார்த்துக் களைத்தவர் கண்ணில் நூற்றோராவது தப்பிவிடும். அதனால்தான் 2005-இல் நம் நாட்டில் இடர் மேலாண்மை முறை வந்தது. இறக்குமதியாளர் யார், முன்பு எப்படி நடந்துகொண்டார், எந்த நாட்டிலிருந்து என்ன பொருள் வருகிறது, சொல்லும் விலை பொருந்துகிறதா என்று கணினி முதலில் சலித்துவிடும். சந்தேகப்பட்டவை மட்டும் அதிகாரியின் மேசைக்கும் எக்ஸ்ரேவுக்கும் போகும். மற்றவை போகலாம், கணக்கைப் பிறகு தணிக்கை செய்துகொள்ளலாம். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் சொல்வதும் இதைத்தான். 2017 பிப்ரவரி 22-இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கு முந்தைய ஆண்டே ஏற்புறுதி தந்துவிட்டது.

திறப்பதிலும் ஒரு படிப்பு இருக்கிறது. அதை நான் பிழை செய்துதான் கற்றேன். 1998, ஜூலை. ஒரு துறைமுகத்தில் பணியில் இருந்தேன். நம் பக்கத்திலிருந்து போன மாங்கூழ், கன்டெய்னர் நிறைய இரும்பு டிரம்கள். ஒன்றின் மூடியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு பை, கூழ் நிரம்பி உப்பலாக இருந்தது. கிருமி நீக்கி, காற்றுப் புகாமல் அடைத்த பை அது. எனக்கு அது வெறும் பிளாஸ்டிக் உறையாகத்தான் தெரிந்தது. மாதிரி எடுக்கப் பையைக் கிழிக்கச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஏஜென்ட், "சார், இது திறந்தால் போச்சு" என்றார். நான் கேட்கவில்லை. கப்பல் தவறியது. நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது அந்த டிரம்மிலிருந்து புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. இருநூறு கிலோவுக்கு மேல் கூழ். எங்கள் ஊர்த் தோட்டத்தில் யாரோ ஒருவர் கூடை கூடையாகச் சுமந்து இறக்கிய பெங்களூரா மாம்பழம் அது. ஏற்றுமதியாளர் புகார்கூடச் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

அன்று எனக்குச் சட்டம் முழுக்கத் தெரியும். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் பிரிவுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கண்ணெதிரே இருந்த சரக்கைப் பற்றித்தான் தெரியவில்லை. அதனால் என் வகுப்பில் முதல் நாளே அப்படி ஒரு காலிப் பையைக் கையில் கொடுத்து, "இதை எப்படித் திறப்பீர்கள்?" என்று கேட்பேன்.

பெங்களூரில் விமானம் ஏறும் எங்கள் ரோஜாவுக்கு வர்த்தக வசதி ஒப்பந்தத்தில் ஏதாவது சலுகை உண்டா?
- ஓசூர் மலர் விவசாயி

உண்டு. அழுகும் பொருளைக் கூடிய விரைவில் விடுவிக்க வேண்டும், சோதனையில் அதற்கு முன்னுரிமை தர வேண்டும், காத்திருக்கும் நேரத்தில் முறையாகச் சேமித்து வைக்க ஏற்பாடு வேண்டும் என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் பெட்டியைத் தொடுவது சுங்கம் மட்டுமல்ல, தாவர நோய்த்தடுப்புத் துறையும்தான். இவர் ஒருமுறை, அவர் ஒருமுறை என்று வெயிலில் பிரித்தால் பிப்ரவரி 14-க்குப் போக வேண்டிய பூ தலை கவிழ்ந்துவிடும். இரு துறையினரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து, குளிரறையில் ஒரே தடவை திறந்து பார்க்கப் பழக்க வேண்டும். எல்லை மேலாண்மை என்று பெரிய பெயர் சொல்கிறார்களே, அதில் பாதி இதுதான். இறக்குமதிக்கு இதற்கென, எல்லாத் துறைக்குமான விவரத்தையும் கணினியில் ஒரே இடத்தில் தரும் ஒற்றைச் சாளர முறை 2016-இலேயே வந்துவிட்டது. கணினி ஒன்றாகிவிட்டது, மனிதர்கள் ஒன்றாக வேண்டியிருக்கிறது.

கல் அறுக்கும் இயந்திரம் இறக்குமதி செய்தோம். எங்கோ வேறு ஊரில் இருக்கும் அதிகாரி கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். எங்கள் தொழிலே தெரியாதவர் எப்படி மதிப்பிடலாம்?
- பர்கூர் கிரானைட் தொழில்முனைவோர்

முகமறியா மதிப்பீடு என்ற இந்த முறை 2020 ஜூன் 8-இல் சென்னையிலும் பெங்களூரிலும்தான் முதலில் தொடங்கியது. அதை நான் முழு மனதாக ஆதரிக்கிறேன். உங்கள் ஆவணத்தைப் பார்ப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது என்பதே பல பழைய நோய்களுக்கு மருந்து. ஆனால் உங்கள் ஆதங்கமும் நியாயமே. பொருளைக் காணாமல் காகிதத்தை மட்டும் பார்ப்பவருக்குப் பொருளறிவு இரண்டு மடங்கு வேண்டும். ஒரே பாறையில் எடுத்த இரண்டு துண்டுகளை வகுப்பில் சுற்றவிடுவேன். வெறுமனே அறுத்த பாளம் சுங்க வரி அட்டவணையில் 2516-ஆம் தலைப்பில் வரும். பளபளப்பேற்றிய பலகை 6802-இல் வரும். விரலால் தடவிப் பார்த்தவர் அதை மறக்கமாட்டார்.

உங்கள் இயந்திரம் 8464-இல் வரக்கூடியது. இறக்குமதிக்குத் தாக்கல் செய்யும் ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியில் "மெஷினரி" என்று ஒற்றைச் சொல் எழுதாதீர்கள். கல்லை அறுக்கிறதா, மெருகேற்றுகிறதா, எப்படி இயங்குகிறது என்று விளக்கி, தயாரிப்பாளரின் படக் கையேட்டையும் இணையுங்கள். கேள்விகளில் பாதி குறையும்.

சுங்கச்சாவடியில் பணம் வாங்குபவர்களும் உங்கள் துறையா?
- பாலக்கோடு வாசகி

இல்லை அம்மா. அது சாலைக்கான கட்டணம், நெடுஞ்சாலை ஆணையத்தின் கீழ் வருவது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டது.

பட்டப்படிப்பு முடித்துவிட்டேன். சுங்க அதிகாரியாக வேண்டும். பயிற்சி எங்கே?
- ஊத்தங்கரை மாணவி

ஐ.ஆர்.எஸ். (இந்திய வருவாய்ப் பணி) அதிகாரி ஆக வேண்டுமானால் யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு. இன்ஸ்பெக்டர், எக்ஸாமினர், பிரிவென்டிவ் ஆபீசர் பணிகளுக்கு எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வு. ஐ.ஆர்.எஸ். பயிற்சிக்கான தேசியக் கழகத்தின் புதிய வளாகம் ஆந்திராவின் பாலசமுத்திரத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. நம் ஊர் வழியாகப் போகிற அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், பெங்களூரைத் தாண்டிப் போனால் வந்துவிடும். சென்னையிலும் மண்டல மையம் இருக்கிறது. நீ இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அம்மா. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பொருளும் எதனால் ஆனது, எதற்குப் பயன்படுகிறது என்று இரண்டு வரி எழுதிப் பழகு. சுங்க வகைப்பாட்டின் அரிச்சுவடி அதுதான்.

பயிற்சி அதிகாரிகளை எங்கள் மாங்கூழ் ஆலைக்கு அழைக்க விரும்புகிறோம். எப்போது அழைக்கலாம்?
- கிருஷ்ணகிரி ஆலை உரிமையாளர்

மனம் நிறைந்தது. ஜூனில் அழையுங்கள். வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது வரட்டும். பழம் கழுவுமிடத்தில் தொடங்கி, பை நிரப்புமிடம் வரை நடத்திக் கூட்டிப் போங்கள். ஒரு லாரி ஒரு நாள் நின்றால் பழம் என்ன ஆகிறது என்று ஓட்டுநரையே சொல்லச் சொல்லுங்கள். ஜனவரியில் கூப்பிட்டு ஓடாத இயந்திரத்தைக் காட்டி அனுப்பிவிடாதீர்கள்.