விக்கிப்பீடியாவை ஆய்வேட்டில் காட்டலாமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், பல வருடங்களாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியும் வருகிறேன். வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

முதுகலை வரலாறு மாணவி: சார், துணைநூற்பட்டியலில் விக்கிப்பீடியா இருந்ததைப் பார்த்து நெறியாளர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அதில் அப்படி என்ன தப்பு?

அவர் செய்தது சரிதான் அம்மா. ஆய்வில் மேற்கோள் காட்டத் தன்னை நம்பியிருக்க வேண்டாம் என்று விக்கிப்பீடியாவே எழுதி வைத்திருக்கிறது. அது மற்றவர்கள் எழுதியதைத் திரட்டித் தருகிற இடம், முதுகலை அளவில் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைக் காட்டினாலும் இதே சிவப்பு மைதான் விழும்.

நீங்கள் வரலாறு படிப்பதால் ஒன்றைச் சொல்கிறேன். கோவாவின் பிச்சோலிம் பகுதியில் 1640-41இல் போர்த்துக்கீசியருக்கும் மராத்தியப் பேரரசுக்கும் போர் நடந்ததாக ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007இல் ஒரு நீண்ட கட்டுரை வந்தது, அடிக்குறிப்புகளோடு, நல்ல கட்டுரை என்ற தகுதியும் பெற்றது. அப்படி ஒரு போரே நடக்கவில்லை! 2012 கடைசியில் ஒரு பயனர் பொறுமையாக அடிக்குறிப்பில் இருந்த புத்தகங்களைத் தேடிப் பார்த்தபோதுதான் அந்தப் புத்தகங்களே இல்லை என்று தெரிந்து, கட்டுரையை நீக்கினார்கள். சிவாஜி பிறந்தது 1630, முடிசூடியது 1674. பத்து வயதுப் பையன் இருந்த காலத்தில் மராத்தியப் பேரரசு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். அடிக்குறிப்பு இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள், அந்தப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள், படித்த புத்தகத்தைப் பட்டியலில் போடுங்கள். புத்தகம் கிடைக்கவில்லை என்றால் உங்கள் நூலகரைக் கேளுங்கள், அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

பொறியியல் மாணவர்: விக்கிப்பீடியா பிரிட்டானிக்காவுக்குச் சமம் என்று நேச்சர் அறிவியல் இதழே சொல்லிவிட்டதே அண்ணா?

அப்படியே சொல்லவில்லை தம்பி. 2005இல் 42 அறிவியல் தலைப்புகளை எடுத்து, இரண்டு கலைக்களஞ்சியங்களின் கட்டுரைகளையும் துறை வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. சின்னப் பிழைகளும் விடுபட்டவைகளும் விக்கிப்பீடியாவில் 162, பிரிட்டானிக்காவில் 123. அந்த முறையையே பிரிட்டானிக்கா கடுமையாக மறுத்தது, நேச்சர் தன் முடிவில் உறுதியாக நின்றது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, எடுத்தது எல்லாம் அறிவியல் தலைப்புகள் என்பதுதான். வெப்ப இயக்கவியலுக்குக் கிடைத்த நல்ல பெயரைச் சாதி வரலாற்றுக் கட்டுரைக்கும் அரசியல்வாதியின் வாழ்க்கைக் குறிப்புக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது.

தமிழ் முனைவர் பட்ட ஆய்வாளர்: தமிழ் விக்கிப்பீடியாவை ஆங்கிலத்தைப் போல நம்பலாமா?

2003இல் தொடங்கி, சம்பளம் வாங்காமல் இத்தனை பேர் இத்தனை எழுதியிருப்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் கண்காணிக்கும் கண்கள் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பிரபலமான பக்கத்தில் யாராவது கிறுக்கினால் சில நிமிடங்களில் போய்விடும், நம்மிடம் அதிகம் பேர் பார்க்காத ஒரு சிற்றூர்க் கட்டுரையில் தப்பான ஆண்டு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கலாம்.

உங்களுக்கு அதைவிட, விக்கிப்பீடியாவின் துணைத் திட்டமான விக்கிமூலம் என்ற இணைய நூலகம்தான் அதிகம் பயன்படும். அங்கே நாட்டுடைமையான நூல்கள் பல இருக்கின்றன, மெய்ப்புப் பார்க்கும் பக்கத்தைத் திறந்தால் கணினி படித்தெடுத்த வரிக்குப் பக்கத்திலேயே அச்சுப் பக்கத்தின் படமும் தெரியும். சிவப்பு நிறம் காட்டும் பக்கம் மெய்ப்புப் பார்க்காதது, மஞ்சள் ஒருவர் பார்த்தது, பச்சை இன்னொருவரும் சரிபார்த்தது. எந்த நிறமாக இருந்தாலும் மேற்கோளை அந்தப் படத்தைப் பார்த்தே எழுதுங்கள், ஏனென்றால் கணினி ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் மாற்றிப் படித்துவிடும்.

பள்ளி ஆசிரியை: ஒரே தகவல் விக்கிப்பீடியாவிலும் செய்தித்தாளிலும் புத்தகத்திலும் இருந்தால் போதாதா?

போதாது டீச்சர், எது முதலில் வந்தது என்று பார்க்க வேண்டும். 2008இல் ஒரு அமெரிக்க மாணவர், கோட்டி என்ற தென்னமெரிக்க விலங்குக்கு 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றும் ஒரு பெயர் உண்டு என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் விளையாட்டாகச் சேர்த்துவிட்டார். அது செய்தித்தாள்களுக்குப் போனது, பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் புத்தகத்துக்குள்ளும் போனது, அப்புறம் அந்தச் செய்தியே விக்கிப்பீடியாவில் ஆதாரமாக வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு விக்கிப்பீடியாக் கட்டுரைக்கும் ஒரு வரலாறு பக்கம் உண்டு, எந்த வரி எந்தத் தேதியில் நுழைந்தது என்று அதில் தேடலாம். நீங்கள் காட்டும் புத்தகம் அந்தத் தேதிக்குப் பிறகு வந்ததென்றால், அதற்கு முந்தைய நூல் ஒன்று கிடைக்கும்வரை காத்திருங்கள்.

இதழியல் மாணவர்: என் ஆய்வே விக்கிப்பீடியாவைப் பற்றியதுதான். அப்போதுமா காட்டக் கூடாது?

அப்போது தாராளமாகக் காட்டுங்கள், அதுதான் உங்கள் மூல ஆவணம். நீங்கள் பார்த்த பதிப்பின் நிலையான இணைப்பையும் தேதியையும் சேர்த்துக் கொடுங்கள், நாளைக்கே பக்கம் மாறியிருக்கலாம்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்: எங்கள் ஊர்க் கோயில் பற்றிய பக்கத்தில் கல்வெட்டு விவரம் தவறாக இருக்கிறது. யாருக்கு எழுத வேண்டும்?

யாருக்கும் எழுத வேண்டியதில்லை ஐயா. மேலே 'தொகு' என்று இருக்கும், அழுத்தி நீங்களே திருத்தலாம். கல்வெட்டை நேரில் படித்தேன் என்பது மட்டும் அங்கே போதாது, அது அச்சில் வந்த நூலின் பெயரும் பக்க எண்ணும் வேண்டும். நூல் கையில் இல்லையென்றால் உரையாடல் பக்கத்தில் விவரத்தை எழுதி வையுங்கள், நான் எங்கள் நூலகத்தில் தேடிப் பார்த்துச் சேர்க்கிறேன்.