காஞ்சிபுரத்தை உருவாக்கிய ஆன்மிக, வரலாற்று ஆளுமைகள் யார் யார்? போதிதர்மர் தவிர வேறு யாராவது உண்டா?

"போதிதர்மர் தவிர" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகவே எழுத உட்கார்ந்தேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போல. அப்படியானால் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் மண்டகப்பட்டில் குடைவரைக் கோயில் வெட்டிய பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், அப்பர், ராமானுஜர் எல்லாரும் உங்கள் கைடிலேயே இருப்பார்கள். நான் சொல்ல வந்தது பௌத்த அறிஞர் தர்மபாலரை.

சில வருடங்களுக்கு முன் என் மகளைப் பள்ளியில் 'நம் ஊர்ப் பெரியோர்' என்று சார்ட் எழுதி வரச் சொன்னார்கள். சொந்த ஊர் காஞ்சிபுரம், விடுவேனா? ராத்திரி பத்து மணி வரை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். தர்மபாலர் காஞ்சியில் ஓர் அமைச்சரின் மூத்த மகன். அரசகுமாரியோடு கல்யாணம் நிச்சயமாகி, விருந்தெல்லாம் ஏற்பாடான மாலையில் புத்தர் சிலை முன் அழுது வேண்டிக்கொண்டு, ஊரைவிட்டே போய்த் துறவியானவர். அப்புறம் நாளந்தா பல்கலைக்கழகத்துக்கே தலைவர். அவருடைய மாணவர் சீலபத்திரரிடம்தான் சீனப் பயணி யுவான் சுவாங் படித்தார். இந்தக் கதையை எழுதி வைத்ததும் அதே யுவான் சுவாங்தான். 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டில் சுமார் 100 பௌத்த மடங்கள், 10,000 பிக்குகள் என்பது அவர் கணக்கு.

சார்ட் திரும்பி வந்தது. தர்மபாலர் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் 'போதிதர்மர்' என்று திருத்தம்! நேரில் போய்க் கேட்டேன். "ரெண்டு பேரும் ஒருத்தர்தானே சார்?" என்றார் டீச்சர். மகள் கையைப் பிடித்து இழுத்ததால் பேசாமல் வந்துவிட்டேன்.

போதிதர்மர் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைத் தென்னிந்தியர் என்கிறது, இன்னொன்று பாரசீகர் என்கிறது. காஞ்சி என்ற பேச்சே அவற்றில் இல்லை. தர்மபாலருக்கு ஊர் பெயரோடு சாட்சி இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் யாருக்கு இதெல்லாம் வேண்டும்? போன மாதம் தில்லியிலிருந்து வந்த நண்பர் ஒருவரைத் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலுக்கு ஆட்டோ ஏற்றி அனுப்பினேன், கூரை ஓவியங்களைப் பார்க்கட்டும் என்று. ஆட்டோ நேராகப் போய் நின்றது ஒரு பட்டுப் புடவைக் கடை வாசலில். மனிதர் 18,000 ரூபாய்ப் புடவையோடு திரும்பி வந்தார். அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.