உலகப் போருக்குப் பிந்தைய பழைய செய்தித்தாள் தலைப்புகளில் உங்களைச் சிரிக்க வைத்தவை எவை?

நான் எந்த நூலகத்திலும் தேடிப் படித்ததில்லை. ஏறக்குறைய எல்லாம் எங்கள் வீட்டுப் பெட்டகத்துக்குள் கிடைத்தவைதான்.

எங்களுக்குக் காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூர். பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்குப் பொதுவான வீடு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக இரண்டாங்கட்டில் ஒரு அறையைத் திறக்க வேண்டியிருந்தது. சாவி கோயம்புத்தூரில் ஒரு பங்காளியிடம். அதைக் கொடுக்கலாமா என்று சொல்ல வேண்டியவர் சிங்கப்பூரில். ஒருவழியாகத் திறந்து, பெட்டகத்திலிருந்த எனாமல் வாளிகளை எடுத்து வெளியே வைத்தால், அடியில் அடுக்கடுக்காகப் பேப்பர். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதிதை விரித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். எங்கள் அப்பத்தா எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை.

பெட்டகத்தின் அளவுக்குக் கத்தரித்து விரித்ததால் பல தலைப்புகள் பாதியில் நிற்கின்றன. ஒன்றில் ‘மந்திரி சபை ராஜி’ என்பதோடு முடிகிறது. ராஜினாமாவா, இல்லை சண்டை போட்டவர்கள் ராஜியாகிவிட்டார்களா? கத்தரிக்கோலுக்குத்தான் தெரியும். வேட்பாளர் அதில் ‘அபேட்சகர்’, செயலாளர் ‘காரியதரிசி’, கூட்டத் தலைவர் ‘அக்கிராசனர்’. என் மகன் அந்தக் கடைசி வார்த்தையைப் பார்த்துவிட்டு, “இவர் ராமாயணத்துல எந்தப் பக்கம்?” என்று கேட்டான்.

ஆனால் தலைப்பை விட, அதை எங்கள் வீட்டில் வாசித்த விதம்தான் வேடிக்கை. ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரங்கூனில் மொகல் தெருக் கடை ஒன்றில் அடுத்தாளாக, அதாவது உதவி ஆளாக இருந்துவிட்டு 1942-ல் நடந்தே ஊர் வந்தவர். முகப்பில் உட்கார்ந்து சத்தமாகத் தலைப்பை வாசிப்பாராம். உள்ளே வளவில் இருந்தபடியே அப்பத்தா பதில் சொல்லுமாம். இதையெல்லாம் ஐயா சொல்லச் சொல்லிச் சின்ன வயதில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

1946 ஜனவரி 12-ல் 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அவசரச் சட்டம் வந்தது. பொங்கலுக்கு இரண்டே நாள். அடுத்தாள் சம்பளக்காரருக்கு அந்த நோட்டுகளோடு என்ன சகவாசம்? ஐயா நிம்மதியாக வாசித்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த பெரிய புள்ளி ஒருவர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனாராம். “போகிக்குப் பழசைக் கொளுத்தப் போறாக போல” என்று உள்ளேயிருந்து குரல். 2016 நவம்பரில் நான் வங்கி வரிசையில் நின்றபோது இதுதான் ஞாபகத்துக்கு வந்து தனியாகச் சிரித்தேன். முன்னால் நின்றவர் முறைத்தார்.

அடுத்த வருஷம் பறக்கும் தட்டு. 1947 ஜூன் 24-ல் கென்னத் அர்னால்டு என்ற அமெரிக்க விமானி வாஷிங்டன் மாநிலத்து மலைப் பக்கம் ஒன்பது பொருள்கள் அதிவேகமாகப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீரில் சாசரை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்று அவர் போக்கைச் சொல்ல, பத்திரிகைகள் பொருளையே சாசராக்கிவிட்டன. தமிழில் அது தட்டாகிவிட்டது. செட்டிநாட்டு வீட்டில் போய்த் தட்டு என்றால் சும்மா விடுவார்களா? வெண்கலமா, எவர்சில்வரா, தாம்பாளமா, சோத்துத் தட்டா என்று வரிசையாகக் கேள்வி. ஒன்பது என்று ஐயா சொன்னதும் அப்பத்தா முடித்து வைத்தது: “ஒம்போதா? அப்ப யாரு வீட்டுச் சீராவது போகும்.”

எல்லாத் தலைப்புக்கும் அப்படிச் சிரிக்க முடிந்ததில்லை. பர்மா சுதந்திரம் 1948 ஜனவரி 4. ஜோசியர்கள் குறித்த நேரம் என்பதால் விடிகாலை 4.20-க்கு. போருக்கு முன் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. அதே 1948-லேயே நில தேசியமயச் சட்டமும் வந்துவிட்டது. “நேரமெல்லாம் நல்லாத்தான் பாத்திருக்கான். நமக்குத்தான் நேரம் சரியில்ல” என்பார் ஐயா. நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார், பேப்பரை மடித்துக்கொண்டே.

தலைப்பு என்றால் 1948 நவம்பர் 3 சிக்காகோ டிரிப்யூனைச் சொல்லாமல் விட முடியாது. அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தம், பேப்பரைச் சீக்கிரமே அச்சுக்கு அனுப்ப வேண்டிய நிலை. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு எண்ணி முடிவதற்குள், ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள். ஜெயித்தது ட்ரூமன். அவர் அந்தப் பேப்பரையே ரயில் நிலையத்தில் தூக்கிக் காட்டிச் சிரித்த படம் உலகப் பிரசித்தம். கதிர் அறுக்கும் முன்னே களத்து நெல்லை அளந்த கதை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பெட்டகத்தில் மேலாக இருந்த பேப்பர். 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது போய் நூறு நயா பைசா வந்ததே, அந்தச் சமயத்தது. முட்டாள்கள் தினத்தில் வந்ததால் நம்பலாமா என்றே ஊரில் சந்தேகமாம். அதில் ஒரு பட்டியல்: ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. ஓரணா என்பது உண்மையில் ஆறேகால். சில்லறையில் கால் இல்லாததால் 6.

அந்த 6-க்கு நேரே பென்சில் கோடு. அப்பத்தா போட்டது. நாலணாவுக்கு வெற்றிலையை ஒரே தடவையில் வாங்கினால் 25; ஓரணா ஓரணாவாக நாலு தடவை வாங்கினால் 24. அப்போது ஒன்பது வயதான என் அப்பா ஒரே காலையில் நாலு நடை கடைக்கு நடந்திருக்கிறார். நாலாவது நடையில் கடைக்காரர் ஒன்றும் பேசவில்லையாம். கவுளியிலிருந்து ஒரு வெற்றிலையை உருவி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தாராம்.